கட்டுத்துணிக்கு இந்தப் பக்கம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் குற்றாலப் பேச்சு வராமல் போகாது. சாரல் என்பீர்கள், எண்ணெய்க் குளியல் என்பீர்கள், இப்போது எங்கே அந்தத் தண்ணீர் என்று பெருமூச்சு விடுவீர்கள். பேசுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால், "நீ மேலகரத்துக்காரிதான, அருவிக்கு நடந்தே போயிருப்பியே, ஏன் வாயத் தொறக்க மாட்டேங்க?" என்று என்னைக் கேட்காதீர்கள். போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டுவிட்டீர்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது ஐம்பத்தேழாம் வருஷத்துச் சீசன். ஃப்ளூ காய்ச்சல் ஊர் ஊராகச் சுற்றிய வருஷம். இப்போது கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்து நம்மையெல்லாம் வீட்டுக்குள் அடைத்துப் போட்டதே, அதற்கு நாம் பயந்ததில் கால்வாசிகூட அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. வீட்டுக்கு இரண்டு பேர் போர்த்திப் படுத்தார்கள், சுக்குக் கஷாயம் குடித்தார்கள், எழுந்து வேலையைப் பார்த்தார்கள். எழுந்திருக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வயது என்றும் விதி என்றும் ஒரு காரணம் சொல்லி முடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அம்மாவுக்கு வந்தது ஃப்ளூ இல்லை. சித்திரை பிறக்கும்போதே அவளுக்குக் கையிலும் காலிலும் அடிபடாமலே நீலம் நீலமாகக் கன்ற ஆரம்பித்தது. பல் விளக்கினால் கொப்பளிக்கிற தண்ணீர் சிவக்கும். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு ஒரு குடம் கொண்டுவருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவாள். தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய டாக்டர் எலும்புக்குள்ளிருந்து ஏதோ எடுத்து மதராஸுக்கு அனுப்பி, பதில் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டார். நான் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம் வறண்டு கிடக்கு வாத்தியாரே. வேற ஆள் ரத்தம் ஏத்தி ஓட்டலாம். அந்த இடம் தானா மறுபடி ஊற ஆரம்பிச்சாத்தான் பிழைப்பு. அதுவரைக்கும் ஒரு சளிகூட அண்டக்கூடாது. நமக்குத் தும்மலோட போறது, இவங்களுக்கு உயிரோட போகும்."

மதராஸுக்கே கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டார். ரயில் முழுக்கக் காய்ச்சல்காரர்கள், வழியிலேயே பிடித்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அப்பா பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவர். அன்றைக்கு வெளியே வந்து செருப்பைப் போடத் தெரியாமல் நின்றார்.

ஆஸ்பத்திரியின் மேற்குக் கோடியில், ஒரு நீளமான வராந்தாவின் முடிவில் இரண்டு கட்டில் போட்ட அறை அது. ஒன்றில் அம்மா. இன்னொன்றில் கடையநல்லூரிலிருந்து வந்த நெசவுக்கார வீட்டு அக்கா, அம்மாவுக்கு இருந்த அதே ரத்தக் கோளாறு. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சிரித்தால் ஈறில் ரத்தம் தெரியும் என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும்.

அந்த அறைக்கு ஒரு நர்ஸ் இருந்தாள். செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரி, நெட்டையானவள், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். ஃப்ளூ தென்காசிக்குள் நுழைந்தது என்று தெரிந்த அன்றைக்கே, காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியை நீளமாக முறுக்கி, வராந்தாவின் இரண்டு தூணுக்கும் நடுவில் குறுக்கே கட்டிவிட்டாள். பெரியவர்களுக்கு இடுப்பு உயரம், எனக்குக் கழுத்து உயரம். அதற்குக் கீழே பினாயிலில் நனைத்த சாக்கு. துணியைத் தாண்டிப் போகிறவர்கள் அவளும் டாக்டரும்தான். அவர்களும் நாலு மடிப்புத் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கையை முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போவார்கள். தட்டு, தம்ளர், கரண்டி எல்லாம் கொதிக்கிற அண்டாவுக்குள் போய்த்தான் வரும். பழம் என்றால் தோலுரிக்கிற பழம் மட்டும், அதையும் அவளேதான் கழுவி உரிப்பாள். பூ கூடவே கூடாது. பூவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், எத்தனை கை தொட்டதோ என்பாள்.

இப்போது சொல்லுங்கள், நம் சனம் இதைச் சும்மா விடுமா? ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் போய்ப் பார்க்கவில்லை என்றால் நம் பக்கம் அது சாகிற வரைக்கும் ஆறாத குறை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, முகத்தைத் தடவி, "என்ன தாயி இப்படி உருகிப் போன" என்று ஒரு பாட்டம் அழுதால்தான் பார்த்ததாகக் கணக்கு. வந்தவர்கள் துணிக்கு இந்தப் பக்கம் நின்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். பாட்டிலை நர்ஸ் வாங்கிக்கொள்வாள், ஆளை விடமாட்டாள்.

"இவ யாருளா நம்மள நிறுத்துததுக்கு? நம்ம என்ன குஷ்டரோகியா?" என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நெசவுக்கார அக்காவின் புருஷன் மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வந்து, துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் பேசுவார். "சாப்டியா? ஊசி போட்டாவளா? தறியில புதுப் பாவு ஏத்தியாச்சு." உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்காது, மெலிந்த குரல். அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையாட்டிக்கொண்டே நிற்பார். அப்புறம் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

எனக்கு ஒரு சலுகை இருந்தது. அறையின் பின்பக்கம் கம்பி போட்ட ஜன்னல். அதற்குப் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம். மரத்தடியில் நர்ஸ் ஒரு செங்கலைப் போட்டு, "குட்டி, இதத் தாண்டி வரண்டா" என்றாள். வரவேண்டாம் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுடன் வந்து, செங்கலுக்குப் பின்னால் நின்று அம்மாவோடு பேசுவேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெ தேச்சியா, யாரு தலை பின்னுனா, கோணலா வகிடு எடுத்திருக்காளே" என்று கேட்பாள். நர்ஸ் வந்து தினமும் ஒரே இரண்டு கேள்வி கேட்பாள்.

"இருமல் உண்டோ? குற்றாலம் போயோ?"

"இல்ல, இல்ல" என்பேன்.

"போகண்டா. இந்த வருஷம் அங்கன நாடு முழுக்க வந்து நனையுது. போயிட்டு வந்தா அம்மைய பாக்க வரண்டா."

எங்கள் வீடு குற்றாலம் ரோட்டின் மேலேயே இருந்தது. சீசன் கூட்டம் முழுவதும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். பஸ்ஸும் குதிரை வண்டியும் நிற்காது. மதராஸிலிருந்து, மதுரையிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். காய்ச்சல் பரவப் பரவக் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஏனென்றால் அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தக் காய்ச்சலும் அண்டாது என்பது நம் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மூலிகைத் தண்ணீர் அல்லவா! காய்ச்சல் வராமல் இருப்பதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு போனார்கள், தோளோடு தோள் நெருக்கி நின்று குளித்தார்கள், இருமிக்கொண்டே திரும்பி வந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரியப்பாவுக்கு அந்த நம்பிக்கை எல்லாரையும்விட ஒரு படி அதிகம். ரைஸ் மில் முதலாளி, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். அப்பா அவர் முன்னால் உட்காரவே மாட்டார். ஒருநாள் ஒரு செம்புக்குடம் நிறைய அருவித் தண்ணீரைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, அம்மா குடிப்பதற்கென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கொதிக்க வச்சு கொடுக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"அருவித் தண்ணியக் கொதிக்க வச்சா அதுல மூலிகை என்னத்துக்கு இருக்கும்? ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு நோயாளியத் தெரியும்" என்றாள் அவள்.

குடத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் துளசிக்கு ஊற்றினார். அன்றைக்கே அந்த நர்சின் கணக்கைத் தீர்ப்பது என்று அவர் மனசுக்குள் முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை பெரியப்பா குடும்பத்தோடு அருவிக்குக் கிளம்பியவர், என்னையும் வண்டியில் ஏற்றினார். "தாய் படுத்திருக்கா, பிள்ளைக்கும் ஏதும் ஒட்டிரக்கூடாது. அருவியில தலையக் காட்டட்டும். ஏட்டி, அந்த நர்சு கேட்டா மூச்சு விடாத என்ன!" எனக்கு ஆசை இல்லையா? ஆசைதான். ஒன்பது வயதில் சாரல் முகத்தில் அடிக்கும்போது எந்தப் பிள்ளைக்கு நர்ஸ் நினைப்பு வரும்!

பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. சீயக்காய் வாசனை, எண்ணெய் வாசனை, வழுக்குகிற பாறை, காது அடைக்கிற இரைச்சல். தண்ணீர் என்னைத் தள்ளியது. பக்கத்தில் நின்ற ஒரு வெளியூர் அம்மாள், மதராஸ் பேச்சு, என் கையைக் கெட்டியாகப் பிடித்து, "விழுந்துடாதே கண்ணு, என்னைப் பிடிச்சுக்கோ" என்றாள். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுநடுவே திரும்பி நின்று இருமினாள். நான் குளித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை அவள் விடவில்லை. அவ்வளவு நல்ல கை. வெளியே வந்து பார்த்தால் என் ஒரு பக்கத்துச் சடையில் ரிப்பன் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வாங்கிக் கொடுத்த சிவப்பு ரிப்பன், அருவியோடு போய்விட்டது.

வியாழக்கிழமை ஜன்னலில் அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். "ரிப்பன் எங்கட்டி?"

"பள்ளிக்கூடத்துல போச்சு" என்றேன்.

நர்ஸ் வந்தாள். "குற்றாலம் போயோ?"

"இல்ல."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஒரு ரிப்பனுக்காக இல்லை. தான் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொலைக்கிறது என்று நினைத்திருப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும். அவளுக்குப் பிச்சிப்பூ என்றால் உயிர். சாயங்காலம் தலையில் ஒரு முழம் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அந்தத் தலை பூவில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி, வாழையிலையில் சுருட்டிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். அப்பா டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நர்ஸ் அண்டாப் பக்கம் போனாள். நான் செங்கலைத் தாண்டினேன்.

கம்பிக்குள் கையை விட்டபோது அம்மாவின் விரல் என் விரலில் பட்டது. எத்தனை நாள் கழித்து! அவள் இலையைப் பிரித்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம் சரத்தைப் பாதியாக அறுத்து, பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு நீட்டினாள். அக்கா தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தது. "நர்சு கண்டா தொலைச்சிருவா" என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் எனக்குக் குளிர் எடுத்தது.

தொண்டை வலித்தது, எலும்பெல்லாம் குடைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல் என்று சொன்னால் ஜன்னல் பக்கமே விடமாட்டார்கள். அதைவிடப் பயம், நர்ஸ் கேட்பாள், எப்படி வந்தது என்று. யாருக்கும் தெரியாமல் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டு, அந்தப் பூவை நினைத்தேன். நான் தொட்ட பூ. வாசனை பிடிக்கும்போது அம்மா மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்தாள் என்பது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் மாதா கோவிலுக்குப் போவாள் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். ஏழு பேராகத் திரண்டு வந்தார்கள்: அவர், பெரியம்மா, அத்தை, மாமா, அப்பா, இன்னும் இரண்டு பேர். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஆள். "சட்டுனு பாத்துட்டு வந்துருங்க அண்ணாச்சி" என்று சொல்லி அவனே துணியை அவிழ்த்துவிட்டான்.

பினாயில் சாக்கை எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஒருத்தர் காலையும் அது நனைக்கவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். கட்டிலைச் சுற்றி ஆட்கள். இடம் இல்லாமல் பெரியம்மா நெசவுக்கார அக்காவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். பெரியம்மாவுக்கு இரண்டு நாளாக இருமல். "சும்மா சாரல்ல நனைஞ்சது" என்று சொல்லிக்கொண்டே இருமினாள்.

நான் துணி கட்டியிருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். துணி தரையில் கிடந்தது. அம்மா ஆட்களுக்கு நடுவில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஏட்டி, வா. அம்மாட்ட வா."

என் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும், ஓடிப்போய் அந்த மடியில் விழுந்திருப்பேன். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி, பெத்தவ கூப்பிடுதா, மரம் மாரி நிக்க?" என்று அத்தை அதட்டினாள். "கல்லு மனசு பிள்ளை" என்றாள் பெரியம்மா. அப்பா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். சட்டைக் கை நீளமாக இருந்ததால் சூடு அவருக்குத் தெரியவில்லை. நான் தூணை விடவில்லை. அம்மாவின் கை மெள்ளக் கீழே இறங்கியது. அந்த முகத்தை நான் இன்னொரு தடவை வாயால் சொல்லமாட்டேன்.

அந்த நேரத்தில் நர்ஸ் வந்தாள். கத்தவில்லை. கையில் இருந்த வேதப் புத்தகத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "எல்லாரும் வெளிய" என்று மட்டும் சொன்னாள். பெரியப்பா அவள் மேல் பாய்ந்தார்.

"நீதான பிள்ளைக்கு ஓதி விட்டிருக்க! தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல பகைய மூட்டிட்டியே பாவி!"

அவள் என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து, தலையைத் தடவுகிற மாதிரி என் கழுத்தில் புறங்கையை வைத்தாள். கை ஒரு நொடி அங்கேயே நின்றது. என் கண்ணுக்குள் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆமா," என்றாள் பெரியப்பாவிடம். "நான்தான் சொன்னது, வரண்டான்னு. குட்டி மேல குற்றம் இல்ல."

அப்புறம் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒரு மாத்திரையைக் கொடுத்து, குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஜன்னல் கிட்ட வந்தோ? அம்மைக்கு ஏதும் கொடுத்தோ? பயப்படண்டா. சத்தியம் பற, உள்ளதச் சொல்லு."

அவ்வளவு பேர் முன்னால் எனக்காகப் பொய் சொன்னவளிடம் நான் சொன்னேன். "இல்ல."

அவள் நம்பினாள். அன்று சாயங்காலமே, பெரியம்மா உட்கார்ந்து இருமியது அக்காவின் கட்டிலில் என்பதால், அம்மாவைத் தனியாகப் பிரித்து, துணி அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குக் கட்டிலோடு மாற்றிவிட்டாள். இருந்தது அந்த ஒரு அறைதான். அக்கா பழைய இடத்திலேயே இருந்தது. தலையணைக்கு அடியில் பாதிச் சரத்தோடு.

திங்கட்கிழமை என் காய்ச்சல் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. கண் திறக்க முடியவில்லை, எப்படி மறைப்பது? பெரியப்பா வந்து பார்த்தார். "தாய் ஏக்கம். வேற ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பள பிரிச்சு வச்சதுல பிள்ளை ஏங்கிக் காய்ச்சல்ல விழுந்துட்டு." எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஊரே ஃப்ளூவில் கிடக்கிறது, இந்த வீட்டில் மட்டும் ஏக்கமாம்! ஆஸ்பத்திரி கமிட்டிக்கு மனு எழுதினார்கள். எழுதியது அப்பா, முத்து முத்தான அவர் கையெழுத்தில். உறவினரை அவமதித்தது, கோவிலுக்குப் போய் நோயாளியைத் தனியே விட்டது, பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து அதற்கு ஏக்கக் காய்ச்சல் வரவழைத்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். நான் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நர்சை அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். போகும் முன் துணியைப் புதிதாக முறுக்கி மறுபடி கட்டினாளாம். இன்னின்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் கதவில் ஒட்டினாளாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அக்காவுக்கு அதற்கு முந்தின நாளே காய்ச்சல் கண்டிருந்தது. சனிக்கிழமை இறந்துபோனது. புருஷன் அன்றைக்கும் துணிக்கு இந்தப் பக்கம்தான் நின்றாராம். இனிமேல் உள்ளே போகலாம் என்று யாரோ சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் தாண்டாமல் நின்றாராம். கட்டிலைத் துப்புரவு செய்தபோது தலையணைக்கு அடியில் காய்ந்த பூ கிடந்தது என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். "பாவம், ஆசைப்பட்டு வச்சிருக்கும்" என்றார் அப்பா. பெரியம்மா, "அது விதி" என்றாள், இருமிக்கொண்டே.

பெரியம்மாவின் இருமலா, என் பூவா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த டாக்டராலும் இனிமேல் சொல்ல முடியாது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. கதவைச் சாத்திய அந்தச் சின்ன அறையில், தாளில் எழுதி ஒட்டியபடியே எல்லாம் நடந்தது. ஆவணியில் அவள் ரத்தம் ஊற ஆரம்பித்தது. ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்குச் சாயங்காலம் ஒரு முழம் பிச்சி வாங்கி வைத்துக்கொண்டாள். பெரியப்பா அருவித் தண்ணீரின் மகிமை என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அவள் அதில் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வருஷம், கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் அம்மா அந்தக் கதையைச் சொல்வாள். "அந்த மலையாளத்து நர்சு என் பிள்ளைய என்ன சொல்லி மயக்குனாளோ, சாகக் கிடக்கேன், கைய நீட்டிக் கூப்பிடுதேன், தூணைக் கட்டிக்கிட்டு நிக்கா இவ. அவ நல்லாருப்பாளா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் உயிரோடு இருந்து குறை சொல்லுகிறாள் என்று ஒரு பக்கம் சந்தோஷம். திட்டு வாங்குகிறவள் யார் என்று நினைத்தால் சோறு இறங்காது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பேசி முடிக்க வந்தவர்களிடமும் அம்மா அதையே சொன்னாள், நர்சைச் சபித்தாள். அவர்கள் போன பிறகு, அடுக்களையில் அம்மா வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அருவி, ரிப்பன், அந்த மதராஸ் அம்மாளின் கை, காய்ச்சல், என் கழுத்தில் நின்ற நர்சின் புறங்கை, கடைசியாக அந்த "இல்ல". சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டிப்பிடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பூவ நான்தான பிச்சு அவளுக்குக் குடுத்தேன்" என்றாள்.

"அம்மா, பெரியம்மா இருமுனது..."

"அவ கேக்கக்கூட இல்லட்டி. நானாத்தான் நீட்டுனேன்."

சாயங்காலம் பூக்காரி வழக்கம்போல வாசலில் வந்து உட்கார்ந்து முழம் போட்டாள். அம்மா உள்ளிருந்தே, "பிள்ளைக்கு மட்டும் குடுத்துட்டுப் போ" என்றாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "என்ன, பூ வைக்கதில்லையா நீ?"

"மணம் பட்டா தலை வலிக்கு" என்றாள் அம்மா. சாகிற வரைக்கும் அவள் நர்சைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பூவும் வைக்கவில்லை. அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்து, "ஒனக்காவது தெரியுமாட்டி, ஒங்கம்மைக்கு என்ன வந்துட்டுன்னு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.